லிப்ட்டுக்கு வைத்த பூட்டு

"உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா சார்?"

லிப்ட் கதவில் அரசாங்கப் பூட்டை மாட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். இடுப்பில் துணி மூட்டையோடு ஒரு பெண்மணி நின்றாள். கீழ்த்தளத்துச் சலவைக் கடையில் வேலை, குடியிருப்பது ஐந்தாவது மாடியில்.

அவருக்கு இது புதிதல்ல. பழைய லிப்ட்டுகளைச் சோதிக்கும் புதுச் சட்டம் நாடு முழுக்க வந்த நாளிலிருந்து, போகிற இடமெல்லாம் வசவுதான். ஆபீசில் 'பூட்டு சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு வாரமாக வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"பிரேக் தேஞ்சு போச்சும்மா. புகார் வந்தா பார்க்கணும், பழுதுன்னா பூட்டணும். சட்டம் அப்படி."

"சட்டமாவது வட்டமாவது! எங்க வீட்டுக்காரர் பெயிண்டர் சார். ஏணியில இருந்து விழுந்து சக்கர நாற்காலியில கிடக்கார். வாரத்துக்கு ரெண்டு நாள் சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போறேன். விடாம வந்தா நாலு மாசத்துல நடந்துடுவார், நடுவுல விட்டா நடையே வராதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இப்ப அவரை நான் தோள்ல தூக்கிட்டா இறங்குவேன்?"

இன்ஸ்பெக்டர் பூட்டிலிருந்து சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார்.

"எப்ப சரி பண்ணுவாங்க?"

"புது பிரேக் வரணும், மாட்டணும், நான் மறுபடி வந்து பார்க்கணும்... அஞ்சாறு மாசம் ஆகும்மா."

"அய்யோ! புகார் கொடுத்த புண்ணியவான் யாரு? பேரை மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்."

"எனக்கே தெரியாதும்மா. பேரை மறைச்சு, வெறும் நம்பரைத்தான் எங்களுக்கு அனுப்புவாங்க."

"யாரா இருந்தாலும் அவன் நல்லாவே இருக்க மாட்டான்!"

சொல்லிவிட்டு அவள் அழுதேவிட்டாள். திட்டினால் தாங்கிக்கொள்வார் பூட்டு சார். அழுதால் அவருக்குக் கை ஓடாது. பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"இங்க பாரும்மா, சட்டத்துல ஒரு சின்ன வழி இருக்கு. நோயாளி இருக்கற கட்டடம்னா, அவரே ஆபத்து தெரிஞ்சுதான் கேக்கறேன்னு எழுதிக் கொடுத்தா, பழுது பார்க்கற வரைக்கும் லிப்ட்டை ஓட விடலாம். 'தாங்கும்'னு நான் கையெழுத்துப் போடணும். போடறேன், போ."

பிரேக் தாங்குமா என்று அவருக்கே நிச்சயமில்லை. தாங்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு குடும்பம் கண்ணெதிரே நிற்கும்போது வேறு எப்படி நினைப்பது?

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறினாள். பின்னாலேயே ஏறிய இன்ஸ்பெக்டருக்கு மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்கியது.

"என்னங்க, சார் ரொம்ப நல்லவருங்க. ஒரே ஒரு கையெழுத்து, லிப்ட் ஓடும்!"

பெயிண்டர் படிவத்தை வாங்கி முழுசாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் சார். பூட்டு அப்படியே இருக்கட்டும்."

"என்ன விளையாடறீங்களா?" என்றாள் அவள். "சிகிச்சைக்கு எப்படிப் போவீங்க?"

"போகலை."

"யாரும் உங்களுக்காக இரங்கக் கூடாது, அதானே? இந்த நிலைமையிலும் இந்த வீறாப்பு எதுக்குங்க? நடக்க வேண்டாமா? நான் ஒருத்தி நாயா அலையறது கண்ணுக்குத் தெரியலையா?"

கீழே கடையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"சார், நீங்களாவது இந்த மனுஷனுக்குப் புத்தி சொல்லுங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கிப் போனாள்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. ஊரில் இல்லாத சலுகையைத் தேடி எடுத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறி வந்தால், வேண்டாமாம்!

"நல்லா இருக்கு சார் உங்க நியாயம். அந்த அம்மா உங்களுக்காக நடு வாசல்ல நின்னு அழுதாங்க. எவனோ ஒருத்தன் பொழுது போகாம புகார் எழுதிப் போட்டான்னு, நீங்க எதுக்கு உங்க காலை விட்டுக்கொடுக்கணும்?"

பெயிண்டர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் பேசவில்லை.

"போன மாசம் அவ கால் வைக்கும்போதே லிப்ட் ஒரு அடி சரிஞ்சிருக்கு சார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. ஏதோ வேடிக்கை மாதிரி சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னா. வெளியில சொன்னா லிப்ட் நின்னுடும், என் சிகிச்சை நின்னுடும்னு யார்கிட்டயும் மூச்சு விடலை."

இன்ஸ்பெக்டர் படிவத்தைப் பார்த்தார். 'தாங்கும்' என்று அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றார் பெயிண்டர். "நான் அந்த லிப்ட்டுல வாரத்துக்கு ரெண்டு நாள் போறவன். அவ என்னைப் பார்த்துக்கறதுக்காகவே ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறி இறங்கறா. அதான், புகாரை எழுதிப் போட்டேன்."