கறுப்பு மணி

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத் தமிழ் வானியல் கழகம் நூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துச் சங்கங்களின் விதிப்படி நடந்தது. ஏழு கதிரைகள்தான். ஒன்று காலியானால், புதியவருக்காக எல்லோரும் பெட்டிக்குள் ரகசியமாக வெள்ளை மணி போட வேண்டும். ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் உள்ளே வர முடியாது.

மூன்றாவது முறையாக ஒரு கறுப்பு விழுந்திருந்தது.

“ஆர் இந்த வேலை பாக்கிறது?” என்று செயலாளர் விமலராணி சீறினாள்.

எல்லோரும் தலைவர் கந்தையாவைப் பார்த்தார்கள். காலியான கதிரை அவருடைய மறைந்த மனைவி ராசமலருடையது.

கூட்டம் கலைந்ததும் அவர் சொன்னார்: “நான் மூண்டு தரமும் வெள்ளைதான் போட்டனான், தங்கச்சி.”

“தெரியும் அண்ணை. கறுப்பு போட்டது நான்.” விமலராணி பெட்டியை மூடினாள். “அக்கா இருந்த கதிரையிலை வேறை ஆரையும் என்னாலை பாக்கேலாது.”

கந்தையா அந்தக் கதிரையைத் தடவியபடி சொன்னார்:

“அடுத்தமுறை ரெண்டு கறுப்பு விழும்.”