பன்னிரண்டாவது திமிங்கிலம்

பத்தொன்பது ஆண்டுகளாகக் குள்ளத் திமிங்கிலங்களை ஆராய்ந்துவந்த தமயந்தி, அவற்றில் ஒன்றைக்கூட உயிரோடு பார்த்ததில்லை. ஆழத்திலேயே வாழ்ந்து முடித்துவிட்டு, செத்த பிறகுதான் அவை கரைக்கு வந்தன. பதினொன்றை அவள் அளந்து, அறுத்து, பல்லைக்கூட எண்ணியிருந்தாள். பன்னிரண்டாவது உயிரோடு ஒதுங்கியிருக்கிறது என்று மீனவர் கஸ்பார் காலையில் போன் செய்ததும், இலையில் போட்ட இட்லியை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினாள். நான்கு மணி நேரப் பயணம்.

போய்ச் சேர்ந்தபோது அது அசையாமல் கிடந்தது. கஸ்பார் அலையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் தாங்கியிருந்தார்.

"இப்பத்தான் மேடம் உயிர் அடங்குச்சு. மூணு தடவ கடலுக்குள்ள தள்ளிவிட்டோம். திரும்பத் திரும்பக் கரைக்கே வந்துருச்சு."

தமயந்தி ஈர மணலில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மூச்சு எப்படி விட்டுச்சு அண்ணாச்சி?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"விட்டுக் காட்டுங்களேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கஸ்பார் சிரிக்கவில்லை. கண்களை மூடி வெகுநேரம் மூச்சை அடக்கியிருந்துவிட்டு, மெல்ல, நீளமாக வெளியே விட்டார். சூடான காற்று அவள் மணிக்கட்டில் பட்டது.

"இல்ல மேடம், இன்னும் மெதுவா விட்டுச்சு" என்று அவராகவே மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டார்.

தமயந்தி அசையாமல் காத்திருந்தாள்.