நூற்று ஐம்பத்தெட்டு

"முதலாளி, அவருக்கு எடை பார்க்கலையே?"

சிஹாரு கேட்டது குவாபாராவின் காதில் விழுந்தது. விழாத மாதிரி நின்றார்.

அந்தக் கடையில் எடை பார்க்காமல் யாருக்கும் பலகை கிடையாது. ஜப்பானின் நாகானோ மலையடிவாரத்தில் இருபத்தாறு வருஷமாக ஸ்னோபோர்டு என்னும் பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுகிறார். வருகிறவர் யாராக இருந்தாலும் வாசலில் இருக்கும் எடை மெஷினில் ஏறியே ஆகவேண்டும்.

"பலகைக்கு உங்க உயரம் தெரியாது. எடைதான் தெரியும். லேசான ஆளுக்கு நீளப் பலகை திரும்பாது. கனமான ஆளுக்குக் குட்டைப் பலகை நிக்காது. ரெண்டுலயும் உடையறது கால்தான்" என்பார்.

அன்று காலையில்கூட, ஒசாகாவிலிருந்து வந்த புதுப்பெண் கூச்சத்தோடு "நாப்பத்தெட்டு கிலோ" என்றாள். ஏற்றிப் பார்த்து, "அம்பத்தேழு!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். புது மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்படிப்பட்டவர் இசோபேயை மட்டும் மெஷின் பக்கமே விடவில்லை.

இசோபே பதினெட்டு வருஷம் அந்தக் கடையில் அவரோடு வேலை பார்த்தவர். போன வருஷம் மகள் வீட்டோடு போய்விட்டார். சிஹாரு அவர் இடத்துக்கு வந்தவள்.

"டேய் கிழவா, நூத்தி அம்பத்தெட்டு எடு. என் அளவு மறந்துடுச்சா? இன்னிக்கு ஒரு நாள்தான் எனக்கு. நாளைக்குக் காலைல ரயில்."

"உன் மூஞ்சியைத்தான் மறக்கணும்னு பார்க்கறேன், முடியல. உக்காருடா. மெழுகு தேச்சு எடுத்துட்டு வரேன்."

தடித்த கோட்டுக்குள் இசோபே எழுபத்தைந்து கிலோவுக்குக் குறையாமல் தெரிந்தார். நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் சரியான நீளம்தான் என்று சிஹாரு கணக்குப் போட்டாள்.

பூட்ஸ் எடுக்க உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முதலாளி ஒரு நூற்று நாற்பத்தெட்டுப் பலகையின் நுனியிலிருந்து அளவு எழுதிய டேப்பை உரித்துக்கொண்டிருந்தார். புது டேப் ஒட்டினார். பக்கத்தில் இன்னொரு பலகையை வைத்துப் பார்த்துப் பார்த்து, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி மெதுவாக எழுதினார்: 158.

அசல் நூற்று ஐம்பத்தெட்டுகள் மூன்று, அலமாரியில் சும்மா நின்றன.

"முதலாளி! அவர் எடைக்கு அது ஆபத்து."

"உன் வேலையைப் பாரு."

"மத்தியானம் வர்ற டோக்கியோ கும்பலுக்காக நல்லதை ஒதுக்கறீங்களா? பழகின மனுஷன்கிட்டயே இப்படியா?"

குவாபாரா மார்க்கரை மூடினார். "ஆமா. அப்படியே வெச்சுக்க."

இசோபே பலகையை வாங்கி, டேப்பை ஒரு தடவை பார்த்தார். அதை இடுக்கிக்கொண்டு, மலையுச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்டுக்குப் போனார்.

அதன்பிறகு சிஹாருவுக்கு வேலை ஓடவில்லை. மீட்புக் குழுவின் வண்டி ஒன்று மேலே போனபோது கையிலிருந்த பூட்ஸ் நழுவி விழுந்தது. முதலாளியும் ஜன்னலை விட்டு நகரவில்லை. செய்ததையும் செய்துவிட்டு வேடிக்கை பார்க்கிறாரே என்று அவளுக்கு எரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து இசோபே வந்தார். முழுசாக வந்தார். அவரைப் பார்த்ததும் குவாபாரா மண்வாரியை எடுத்துக்கொண்டு, "வாசல்ல பனி தள்ளிட்டு வரேன்" என்று வெளியே போனார். வாசலில் பனியே இல்லை. காலையிலேயே தள்ளியாயிற்று.

சிஹாருவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஐயா, மன்னிச்சுக்கங்க. அது நூத்தி அம்பத்தெட்டு இல்ல. நூத்தி நாப்பத்தெட்டு. முதலாளி டேப்பை மாத்தி ஒட்டிட்டார். நான் பார்த்தேன்."

இசோபே கோட்டைக் கழற்றினார். உள்ளே இன்னொரு கோட்டு. அதையும் கழற்றினார். உள்ளே கம்பளிச் சட்டை. அதற்குள் ஆளே இல்லை.

சிஹாரு பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியும்மா" என்றார். "பத்து சென்டிமீட்டர் குறைஞ்சா எனக்குத் தெரியாதா? நாப்பத்தொம்பது கிலோ உடம்புக்கு இதான் சரியான பலகை. அசலைக் கொடுத்திருந்தா முதல் திருப்பத்துலயே மரத்துல போய் மோதியிருப்பேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"ஆஸ்பத்திரில தினம் காலைல மெஷின்ல ஏத்தறாங்க. தினம் ஏதாவது குறையுது. நாளைக்கு மறுபடி உள்ள போறேன். இனிமே வெளிய அனுப்புவாங்கன்னு தோணல. அதான் ஒரே ஒரு தடவை இந்த மலையில இறங்கிப் பார்க்கலாம்னு வந்தேன். இங்கயும் மெஷின்ல ஏறுன்னா, அப்படியே திரும்பிடணும்னு இருந்தேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ஏறச் சொல்லல. உலகத்தையே ஏத்தற மனுஷன் என்னை விட்டுட்டான். அப்பவே புரிஞ்சுபோச்சு, என் மக போன்ல சொல்லிட்டான்னு."

பலகையைத் தூக்கி, நுனியிலிருந்த டேப்பை விரலால் தடவினார்.

"இந்தக் கடைல இருக்கற எல்லா டேப்பும் நான் எழுதினதும்மா. எட்டை ரெண்டு வட்டமா போடுவேன், ஒண்ணு மேல ஒண்ணு. பாரு, அவனும் போட்டிருக்கான். மேல இருக்கறது உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு." சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

வெளியே மண்வாரி வெறும் சிமெண்டில் உரசிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

இசோபே அவசர அவசரமாக இரண்டு கோட்டுகளையும் மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். சிஹாருவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

குவாபாரா உள்ளே வந்தார். நண்பனின் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படிடா இருந்துச்சு?"

"என் பழைய நூத்தி அம்பத்தெட்டேதான்டா" என்றார் இசோபே. "ஒரு இம்மிகூடக் குறையல."