எது சிக்கினாலும்

கௌசிக் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அப்பாவின் நம்பரை மறுபடியும் அழுத்தினான். சேந்தமங்கலத்தில் இருக்கும் அவர்களுடைய கோழிப் பண்ணையில் தீவனம் அரைக்கும் மோட்டாருக்கு அவன் எழுதிய கன்ட்ரோல் புரோகிராம் இன்றுதான் முதன்முதலாக ஓடியது. அஸ்தம்பட்டி அலுவலகத்திலிருந்தே அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா கேட்டு வாங்கியதுதான். "கோணி நூலு சிக்குனாலே நின்னுக்குது சாமி. இனி எது சிக்குனாலும் நிக்காம ஓடோணும்."

அம்மா வசந்தாமணிதான் போனை எடுத்தாள்.

"ஏம்மா, மெயினை யாரு ஆஃப் பண்ணுனது? சூப்பரா ஓடிட்டிருந்துச்சு! திடீர்னு லோடு எகிறுச்சு, ஆனா வேகம் துளிகூடக் கொறையல. அப்பாகிட்டச் சொல்லுங்கம்மா!"

திரையில் லோடு எகிறிய இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அம்மா?"

"சாமி..." அம்மா மெல்லக் கேட்டாள். "பழைய மாதிரியே உட்டிருந்தா, மோட்டாரு நின்னிருக்குமா?"

"சட்டுனு நின்னிருக்கும்!" என்று சிரித்தான். "அப்படி என்னத்தம்மா உள்ள போட்டீங்க?"

"ஒண்ணும் போடல சாமி. உங்கப்பா கழுத்துல கெடந்த துண்டு பெல்ட்டுல சிக்கிருச்சு. ஆளோட இழுத்துச்சு... நிக்கவே இல்ல."