மஞ்சள் அட்டை

அச்சு இயந்திரம் உறுமியபடி காத்திருக்கிறது. விளக்கடியில் இசைத்தட்டின் மாதிரி அட்டை கிடக்கிறது. பளீரென்ற மஞ்சள், நடுவில் வாய்விட்டுச் சிரிக்கும் பெண். உள்ளே இருக்கப்போவதோ, தங்கையைப் பறிகொடுத்த பாடகி பாடிய எட்டுத் துக்கப் பாட்டுகள். “சாவுப் பாட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை மாதிரி அட்டையா? கறுப்புதானே வழக்கம்?” என்கிறார் அச்சுக்காரர். அட்டையை வடிவமைத்தவன் பாடகியின் தம்பி; அவன் அக்காவைப் பார்க்கிறான். பாடகி அட்டையைக் கண்ணருகே கொண்டுபோகிறாள்.

“இந்தப் போட்டோ ஏதுடா?”

“நான் எடுத்ததுதான். போன வருஷம், சின்னக்கா சிரிச்சப்ப.” என்கிறான் தம்பி. “நீ யாருக்காக அழுறன்னு கேக்குறவங்களுக்குத் தெரிய வேணாமாக்கா?”

அச்சுக்காரரின் விரல் பொத்தான்மேல் அசையாமல் நிற்கிறது.

“தெரியணும்,” என்கிறாள் அக்கா. “எம்பேரை மட்டும் சின்னதாக்கு. அவ சிரிப்புமேல ஏறி நிக்குது.”