குலுங்காத வண்டி

“இன்னும் ஒரு பட்டைய கழட்டுங்க அண்ணே. அவளுக்கு முதுகுல தையல் போட்டிருக்கு.”

“செம்பனைக் குலை ஏத்துற லாரிய தொட்டிலா ஆக்கச் சொல்றீங்க லா!” மெக்கானிக் ரெங்கசாமி சிரித்தபடியே பின்பக்க ஸ்பிரிங்கில் மூன்றாவது பட்டையையும் கழற்றினார்.

மனைவியை நாளை கிள்ளான் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெஞ்சாரோம் வீட்டுக்கு ஒரு குலுக்கலும் இல்லாமல் கூட்டிவந்துவிட வேண்டும் என்பதில் சின்னையா உறுதியாக இருந்தார்.

வேலை முடிந்ததும், வழக்கம்போல் நான்கு சக்கரங்களின் முன்னும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சின்னையா அவற்றின்மேல் வண்டியை ஏற்றிப் பட்டறை வாசல்வரை ஓட்டினார்.

“துளிகூடக் குலுங்கல!”

ரெங்கசாமி குனிந்து பார்த்தார். நான்கு பழங்களிலும் டயர் தடம் அழுக்காகப் பதிந்திருந்தது. ஒன்றுகூட நசுங்கவில்லை.

சின்னையா இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

“நாளைக்கு அவ உக்காரப்போற எடம். ஒரு ரவுண்டு உக்காந்து பாருங்க அண்ணே.”