இரண்டாவது கும்பிடு

சந்திரப் புத்தாண்டு விடுமுறை நாளை தொடங்குகிறது. யோங்ரான் தன் வீட்டில் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் சாய்ந்த வெயில், யாரோ மறந்துபோன ஒற்றைக் காலுறையின் மேல் கிடக்கிறது. பெரியவர்களை விழுந்து கும்பிட இன்று வாண்டுகளைப் பழக்கியிருக்கிறாள். அவளே பெரியவராக மெத்தையில் உட்கார்ந்து, கும்பிட்டு எழுந்த ஒவ்வொரு கையிலும் பொரி உருண்டை வைத்தாள். "ஒரு தடவைதான்டா. ரெண்டு தடவை செத்தவங்களுக்கு," என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. மற்ற குழந்தைகள் போய்விட்டார்கள். தாவோன் மட்டும் பட்டுச் சட்டையில் குளிர்பெட்டியின் முனகலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். ஒருவழியாக அவன் அம்மா மூச்சிரைக்க வந்து, வாசலிலேயே குனிந்து அவனுக்குச் செருப்பு மாட்டுகிறாள். "ரோடெல்லாம் ஊருக்குப் போற காருங்க டீச்சர். உங்க பையன் வந்துட்டாரா?" "இந்த வருஷமும் லீவு கிடைக்கலையாம்." அம்மாவின் கை ஒரு கணம் நிற்கிறது. அதற்குள் தாவோன் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து, நெற்றி தரையில் இடிக்க விழுகிறான். யோங்ரான் அவசரமாக மெத்தையில் உட்கார்ந்து, "நல்லா சாப்பிட்டு வளரணும் ராசா," என்கிறாள். அவன் எழுந்து கையை நீட்டுகிறான். பொரி உருண்டைத் தட்டில் எள் மட்டும் ஒட்டியிருக்கிறது. கும்பிட்டது போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி விழுகிறான். "டேய், ரெண்டு தடவை கூடாதுடா," என்று பதறுகிறாள் அம்மா. யோங்ரான் முதுகை நிமிர்த்தி உட்காருகிறாள். "இருக்கட்டும்மா, விடு. அதையும் இப்பவே வாங்கிக்கறேன்."